டேப்லெட் வாங்குமுன்: முதலில் எந்தப் பாகம் திணறும்?

டேப்லெட்டின் உள்ளே திருகாணிகளைவிடப் பசைதான் அதிகம். திரையையும் பேட்டரியையும் ஒட்டியிருப்பார்கள். ரேமும் சேமிப்பகமும் பெரும்பாலான மாடல்களில் பலகையோடு சேர்த்துச் சோல்டர் செய்யப்பட்டிருக்கும். மேசைக் கணினியில் ரேம் போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழி கிடையாது. வாங்கும் அன்று என்ன இருக்கிறதோ அதோடுதான் கடைசிவரை ஓட்டியாக வேண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நாம் செய்யப்போகும் வேலையில் இதன் எந்தப் பாகம் முதலில் திணறும்? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்கள் இதற்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை.

திரையிலிருந்து தொடங்கலாம். திரையை மூலைக்கு மூலை அளந்து அங்குலத்தில் சொல்கிறார்கள். ஆனால் 11 அங்குலத் திரைகள் எல்லாம் ஒரே அளவு அல்ல. 4:3 விகிதத்தில் இருந்தால் பரப்பு சுமார் 58 சதுர அங்குலம். 16:10 என்றால் 54. 16:9 என்றால் 52கூட வராது. ஆவணங்கள் படிப்பவருக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். 11 அங்குல 4:3 திரையை நிமிர்த்திப் பிடித்தால் ஓர் ஏ4 பக்கம் 75 விழுக்காட்டு அளவில் முழுதாகத் தெரியும். காகிதத்தில் 12 புள்ளி (பாயின்ட்) அளவில் இருந்த எழுத்து 9 புள்ளியாகும், சிரமமின்றிப் படிக்கலாம். அதே 11 அங்குலம் 16:10 என்றால் 70 விழுக்காடு, எழுத்து 8.5 புள்ளி. 8.7 அங்குல 16:10 திரையில் பக்கம் 56 விழுக்காடாகச் சுருங்கி, எழுத்து 7 புள்ளிக்கும் கீழே போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்தித்தான் படிக்க வேண்டும். 13 அங்குல 4:3 திரையில் 89 விழுக்காடு, ஏறக்குறைய அச்சுப் பக்கமே. வீடியோவுக்குக் கணக்கு தலைகீழ்: ஒரே 11 அங்குலத்தில் 16:10 திரை காட்டும் படம், 4:3 திரை காட்டுவதைவிட 12 விழுக்காடு பெரியது. படிப்பு முக்கியமா, படம் முக்கியமா என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் பட்டியலில் பாதி மாடல்கள் தாமாகவே விலகிவிடும்.

பிக்சல் அடர்த்தியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 40 சென்டிமீட்டர் தூரத்தில் இயல்பான கண்பார்வை பிரித்தறியக்கூடியது அங்குலத்துக்கு 220 பிக்சல் அளவுதான். 11 அங்குலத்தில் 1920 x 1200 என்றால் 206 வரும், போதும். 10 அங்குலத்தில் 1340 x 800 என்றால் 150-ஐ ஒட்டித்தான் நிற்கும். சிறிய எழுத்துகளின் வளைவுகளில் படிக்கட்டு தெரியும்.

இனி தொடுதிரை. பேனாவால் எழுத நினைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கண்ணாடிக்கு அடியில், மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடு போன்ற பூச்சால் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். ஒரு கோட்டில் சிறு மின்துடிப்பை அனுப்பி, அதைக் குறுக்கே கடக்கும் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒரு சிப் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். விரல் கிட்டே வந்தால் மின்புலத்தில் ஒரு பங்கை உடல் இழுத்துக்கொள்ளும். அந்தச் சந்திப்பில் அளவு குறையும். கோடுகளுக்கிடையே நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், விரல்நுனி ஒரே நேரத்தில் பல சந்திப்புகளின் மேல் படிவதால், எங்கே எவ்வளவு குறைந்தது என்பதை எடைபோட்டு, தொட்ட இடத்தின் மையத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் கண்டுபிடித்துவிட முடிகிறது.

கூர்மையான சாதாரணக் குச்சி இந்த வலைக்குத் தெரியவே தெரியாது. மலிவான ஸ்டைலஸின் முனை ரப்பர் குமிழாகத் தடித்திருப்பது அதனால்தான். அது விரலைப் போல நடிக்கிறது, அவ்வளவே. அதைக் கொண்டு பொத்தானை அழுத்தலாம், கையெழுத்துக் குறிப்பு எடுக்க முடியாது. எழுதத் தகுந்த பேனாக்கள் இரண்டு வகை. ஒன்று, பேட்டரியோடு வந்து தானே ஒரு சமிக்ஞையை உமிழ்வது. தொடுதிரையின் அதே கோடுகள் அதைக் கேட்டுக்கொள்ளும். இன்னொன்று மின்காந்த ஒத்ததிர்வில் இயங்குவது. திரைக்குப் பின்னால் கம்பிச்சுருள்கள் பதித்த தனி ஏடு இருக்கும். அது அனுப்பும் அலையில் பேனாவுக்குள் உள்ள சுருள் அதிர்ந்து பதில் அனுப்பும். இதற்குப் பேட்டரியே தேவையில்லை. ஆனால் அந்த ஏடு இல்லாத டேப்லெட்டில் இந்தப் பேனா வெறும் குச்சி. பின்னால் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. எந்தப் பேனாவை அந்த மாடல் ஏற்கும் என்பதைப் பெயரோடு பார்த்துவிட வேண்டும். ஒத்ததிர்வு வகையில் இன்னொரு சிக்கல் உண்டு: உறையின் காந்தப் பூட்டு பின்பக்கமாக மடங்கி நின்றால், அந்த இடத்தில் மட்டும் கோடு வளையும் அல்லது விட்டுப்போகும். பேனா பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்குமுன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

பேனாவைச் சோதிக்க நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது. திரையின் மேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் ஓரமாகவே மிக மெதுவாக, பத்து விநாடிக்கு ஒரு கோடு என்ற வேகத்தில் இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் போடும். மெதுவாகப் போகும்போது, நிலையைக் கணிப்பதில் பிழை இருந்தால், கோடு சீரான இடைவெளியில் நெளியும். அந்த நெளிவின் இடைவெளி, கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்கோடுகளின் இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, பேனாவை அழுத்தாமல் தன் எடையிலேயே திரையில் படியவிட்டு இழுங்கள். அப்போதும் கோடு விழுந்தால் நல்ல பேனா. 4096 அழுத்த நிலைகள் என்ற விளம்பரத்தைவிட இந்தத் தொடக்க அழுத்தம்தான் கையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கடைசியாக, உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். கை பட்ட இடத்தில் புள்ளிகள் விழக்கூடாது.

பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே தெரியும் தாமதத்துக்குத் திரையின் புதுப்பிப்பு வேகமும் ஒரு காரணம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாற 16.7 மில்லிவிநாடி ஆகும். 120 ஹெர்ட்ஸில் 8.3. மீதியை மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. 2019-இல் ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோது ஆப்பிள் தன் பேனாவின் தாமதத்தை 20 மில்லிவிநாடியிலிருந்து 9 ஆகக் குறைத்தது. முனை அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்துக் கோட்டைச் சற்று முன்னால் வரைந்துவிடுவதும் அதில் ஒரு உத்தி. வன்பொருளை மாற்றாமல் கிடைத்த முன்னேற்றம் அது.

சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் தொடப்பட்டதுபோல் துள்ளுகிறது என்ற புகாரும் இந்த வலையோடு சேர்ந்ததே. தரமற்ற சார்ஜரின் இரைச்சல் மின்னழுத்தம் கேபிள் வழியே ஏறி, விரல் உண்டாக்கும் மிகச் சிறிய மாற்றத்தோடு கலந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றியதும் சரியானால் திரையில் பழுதில்லை; மாற்ற வேண்டியது சார்ஜரை.

அடுத்தது நினைவகம். டேப்லெட் வாங்கிய இரண்டு ஆண்டில் மந்தமாகிறது என்றால் பலரும் கட்டளைகளைச் செய்யும் முதன்மைச் சிப்பைக் குறை சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் சேமிப்பகமும் ரேமும்தான் காரணம். மலிவு மாடல்களில் இஎம்எம்சி வகைச் சேமிப்பகம் இருக்கும். அது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. அதன் 5.1 பதிப்பின் இணைப்பு வேகத்துக்கு விநாடிக்கு 400 எம்பிதான் உச்சவரம்பு. யுஎஃப்எஸ் வகை இரு திசையிலும் ஒரே நேரத்தில் இயங்கும். பின்னணியில் ஒரு செயலி புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கோப்பைத் திறந்து பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்துவிடும். விவரப் பட்டியலில் வகை குறிப்பிடப்படவில்லை என்றால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இடமும் தாராளமாக வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக, அழிப்பதோ பெரும் தொகுதிகளாக. நிரம்பிவிட்டால், ஒரு தொகுதியை அழிப்பதற்காக அதில் மிச்சமிருக்கும் நல்ல தரவை வேறிடத்துக்குப் பெயர்த்த பிறகே புதிதாக எழுத முடியும். அதனால்தான் நிரம்பிய டேப்லெட் எதைத் தொட்டாலும் யோசிக்கிறது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் 1024-இன் மடங்காக எண்ணும் இருமக் கணக்கில் அது 59.6, இயங்குதளம் தன் பங்கை எடுத்தபின் கையில் கிடைப்பது இன்னும் குறைவு. வேலைக்கு என்றால் 128 ஜிபியில் தொடங்குவதுதான் சரி. மெமரி கார்டு படங்களுக்கும் வீடியோவுக்கும் சரிப்படும். செயலிகளை அதில் வைத்தால் சிதறிய சிறு தரவுகளைப் படிப்பதில் திணறும்.

ரேம் போதாதபோது ஆண்ட்ராய்டு முதலில் தரவைச் சுருக்கிப் பார்க்கும், பிறகு பின்னணிச் செயலிகளை மூடத் தொடங்கும். பாதி நிரப்பிய படிவத்தை விட்டுவிட்டு மின்னஞ்சலில் ஓர் எண்ணைப் பார்த்துத் திரும்பினால் படிவம் வெறுமையாக நிற்கும், காரணம் இதுதான். வீடியோ பார்க்க 4 ஜிபி போதும். இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவருக்கு 8 வேண்டும். "4 + 4 ஜிபி" என்று எழுதியிருந்தால் இரண்டாவது 4 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. ரேமைவிட அது பல மடங்கு மெதுவானது, அதிலும் இஎம்எம்சி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த எண்ணை விட்டுவிட்டே கணக்குப் போடுங்கள். கடையில் சோதிக்க, ஒரு நீண்ட இணையப்பக்கத்தைத் திறந்து பாதிவரை இறக்கி நிறுத்துங்கள். வரிசையாக ஏழெட்டுச் செயலிகளைத் திறந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். விட்ட இடத்திலேயே பக்கம் நின்றால் ரேம் போதும்.

முதன்மைச் சிப்பில் பார்க்க வேண்டியது கோர்களின், அதாவது கட்டளைகளைச் செய்யும் தனித்தனிப் பிரிவுகளின், எண்ணிக்கை அல்ல, அவற்றின் வகை. எட்டுக் கோரும் கார்டெக்ஸ்-ஏ53 ஆக இருக்கும் டேப்லெட்டுகள் உண்டு. கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் அதை அறிவித்தது 2012-இல். அந்தக் கோர் கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒரு தரவு நினைவகத்திலிருந்து வரத் தாமதமானால் அதற்குப் பின்னால் நிற்கும் கட்டளைகளும் காத்திருக்கும். 2018-இல் வந்த ஏ76 போன்ற பெரிய கோர்கள், தயாராக இருக்கும் கட்டளையை முன்னே எடுத்துச் செய்துவிடும். இணையப்பக்கம் திறப்பது போன்ற அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தையே நம்பியிருப்பதால், இரண்டு பெரிய கோரும் ஆறு சிறிய கோரும் கொண்ட சிப், எட்டுச் சிறிய கோர்களை எளிதில் முந்தும்.

கேபிள் செருகும் துளையின் வடிவத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். யுஎஸ்பி-சி என்பது வாயின் வடிவம் மட்டுமே. உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0 ஆக இருக்கலாம். அப்படியானால் விநாடிக்கு 480 மெகாபிட் உச்சம். 10 ஜிபி வீடியோவை நகலெடுக்க நான்கு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். பெரிய மானிட்டரைக் கேபிள் வழியே நேரடியாக இணைக்க நினைத்தால், "டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்" இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் தேடுங்கள். ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் டேப்லெட்டில் பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் மொழிமாற்ற அடுக்கின் வழியே ஓடிவிடும். ஆனால் ஸ்கேனர், பிரின்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் பழைய ஸ்கேனர் இருந்தால் அதை முதலில் விசாரியுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. களப்பணிக்கு வரைபடம் வேண்டுவோர் சிம் போடும் மாடலைத்தான் வாங்க வேண்டும்.

பேட்டரியை மில்லிஆம்பியர்-மணியில் (எம்ஏஎச்) ஒப்பிடுவதைவிட வாட்-மணியில் ஒப்பிடுவது நம்பகமானது. 8000 எம்ஏஎச்சை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 30.8 வாட்-மணி. திரை, வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரி 4 வாட் இழுத்தால் ஏழரை மணி நேரம் வரும். 10 வாட் சார்ஜரில் நிரம்ப, கடைசிக் கட்டத்தில் மின்னோட்டம் குறைந்துகொண்டே போவதால், மூன்று மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். வரவேற்பு மேசையிலோ சமையலறையிலோ நாள் முழுவதும் செருகியே வைத்திருக்கும் டேப்லெட்டுக்கு வேறு ஆபத்து. லித்தியம் மின்கலம் முழு மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் தொடர்ந்து இருந்தால் உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாகும். மின்கலத்தின் மெல்லிய பை உப்பித் திரையைத் தள்ளும். சமதளத்தில் வைத்தால் ஆடுகிறது, ஓரத்தில் கீற்று இடைவெளி தெரிகிறது என்றால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும், அழுத்தி ஒட்டவைக்க முயலக் கூடாது. 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு உள்ளதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகம் எதுவும் பழுதாகாமலே டேப்லெட் பயனற்றுப் போவதும் உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற சில ஆண்டுகளில் வங்கிச் செயலிகளும் அலுவலகச் செயலிகளும் அந்த இயங்குதளப் பதிப்பைக் கைவிட்டுவிடும். ஐந்து ஆண்டு புதுப்பிப்பு என்று நிறுவனம் சொன்னால், பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று ஆண்டுக்கு முன் வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் இரண்டே ஆண்டு. இரண்டு மாடல்களுக்கிடையே தயங்கினால், ஒவ்வொன்றின் விலையையும் அதற்கு மிச்சமுள்ள புதுப்பிப்பு மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பேனா, விசைப்பலகை, உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே வகுக்க வேண்டும், ஏனென்றால் அவையும் பெரும்பாலும் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும்.