மனச்சோர்வு வந்தால் மூளை சுருங்குமா?

1996இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் இவெட் ஷெலைன் சிறிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்து, பிறகு தேறிய பத்துப் பெண்கள். ஒப்பிட, அந்த நோயே வராத பத்துப் பெண்கள். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஹிப்போகாம்பஸை அளந்தார். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி அது. மூளையின் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. நோய் வந்தவர்களுக்கு அது சிறிதாக இருந்தது. சோர்வில் கழிந்த நாட்கள் கூடக் கூட, அளவும் குறைந்திருந்தது.

2003இல் அவருடைய குழு இன்னொன்றையும் கவனித்தது. அளவு குறைந்ததற்கும் சிகிச்சை இல்லாமல் கழிந்த நாட்களுக்கும்தான் தொடர்பு தெரிந்தது. மருந்து சாப்பிட்டபடி கழித்த நாட்களுக்கு அல்ல. மாத்திரை மூளையைக் கெடுத்துவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

சரி, எவ்வளவு சிறிது? 2016இல் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 1,728 நோயாளிகளின் ஸ்கேன்களையும் 7,199 ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களையும் சேர்த்துப் பார்த்தது. சராசரி வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம். அதுவும் நோய் பலமுறை வந்தவர்களிடமும், 21 வயதுக்குள் தொடங்கியவர்களிடமும்தான். முதல்முறை வந்தவர்களிடம் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் இயல்பாகவே இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே ஸ்கேனைப் பார்த்து 'உங்களுக்கு மனச்சோர்வு' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குறைவது எது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. செல்கள் செத்துப்போகின்றன என்றுதான் முதலில் தோன்றும். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனின் குழு, எலிகளைத் தினமும் சில மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தது. 21 நாளில் ஹிப்போகாம்பஸில் உள்ள நியூரான்கள் எனும் நரம்புச் செல்களின் கிளைகள் குட்டையாகிவிட்டன. நியூரான்கள் அப்படியே இருந்தன. கவாத்து செய்த முருங்கையைப் போலத்தான். நெருக்கடி நீங்கியதும் கிளைகள் மறுபடி வளர்ந்தன.

இதில் கார்டிசாலுக்குப் பங்குண்டு. நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன் இது. அதை உணரும் ஏற்பிகள் ஹிப்போகாம்பஸில் ஏராளம். அளவு ஏறினால் 'போதும்' என்று சொல்லிச் சுரப்பை அடக்குவதும் அதன் வேலைதான். நெருக்கடி நீண்டால் அடக்க வேண்டிய பகுதியே நலிகிறது, கார்டிசால் இன்னும் ஏறுகிறது. மனிதர்களிடம் இதற்கு ஆதாரம் குஷிங் நோயில் கிடைத்தது. கட்டி காரணமாகக் கார்டிசால் மிகுதியாகச் சுரக்கும் நோய் அது. சிகிச்சையால் ஹார்மோன் குறைந்தபின் ஹிப்போகாம்பஸின் அளவு ஓரளவு கூடியது.

நெற்றிக்குப் பின்னாலும் மாற்றம் உண்டு. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பட்டையின் முன்வளைவுக்குக் கீழே உள்ள சிறு புறணிப் பகுதி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு), குடும்பத்தில் பலருக்கு இந்நோய் உள்ளவர்களிடம் சுருங்கியிருப்பதாக 1997இல் மனநல ஆய்வாளர் வெய்ன் டிரெவெட்ஸின் குழு எழுதியது. மனச்சோர்வு, சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இரண்டிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு, இறந்தவர்களின் மூளையில் அந்த இடத்தில் செல்களை எண்ணிப் பார்த்தார்கள். குறைந்திருந்தவை நியூரான்கள் அல்ல, அவற்றைப் பராமரிக்கும் கிளியா செல்கள்.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் நேர் எதிர்த் திசையில் போகிறது. 2000இல் வந்த ஆய்வில், நான்கு வாரம் லித்தியம் எடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சாம்பல் பொருள், அதாவது மூளையில் நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி, கூடியிருந்தது. மருந்து எம்.ஆர்.ஐ. சமிக்ஞையை மாற்றுவதால் அப்படித் தெரிகிறதோ என்ற சந்தேகமும் எழுந்தது; நியாயமான சந்தேகம்தான்.

அப்புறம் மின் அதிர்வு சிகிச்சை. சினிமா பயமுறுத்தி வைத்திருந்தாலும், கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் நன்றாகப் பலன் தருவது அது. அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே ஹிப்போகாம்பஸ் பெரிதாவதைப் பல நாட்டு ஸ்கேன்கள் காட்டுகின்றன. ஆனால் அது அதிகம் பெரிதானவர்கள்தான் அதிகம் தேறினார்கள் என்று 2018இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவரவில்லை.