‘ஸ்கர்மிஷ்’ கைகலப்பு அல்ல, பூசல்

மேசைமேல் சிறு பொம்மைகளை நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுகளின் விதிகளைத் தமிழாக்குகிறவர்கள், ஸ்கர்மிஷ் (skirmish) வரும் இடமெல்லாம் ‘கைகலப்பு’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆந்திரத்துக் குப்பம் ஊர்ச் சந்தையில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது கைகலப்பு, தெலுங்கில் ‘கொட்லாட’. ஆட்டத்தில் வருவது வேறு சங்கதி.

வேரைச் சுருக்கமாகச் சொன்னால், ‘காத்தல்’ பொருள்பட்ட பழைய ஜெர்மானிய வினை ஒன்று பிரெஞ்சில் வாள்வீச்சைக் குறித்து, ஆங்கிலத்துக்கு வந்து சிதறி நின்று போடும் சண்டை ஆயிற்று. ஜெர்மனியர் குடைக்குச் சொல்லும் ‘ஷிர்ம்’ இதன் உறவு.

அணிப்போர் ஆட்டத்தில் இருபது பொம்மைகள் ஒரே தட்டில் நின்று ஓருடலாக நகரும். ஸ்கர்மிஷில் ஒவ்வொரு பொம்மையும் தனியே நகரும், தனியே சுடும், தனியே விழும். கதைக்களம், அதாவது கதை நடக்கும் கற்பனை உலகம், மாறியதும் விதி மாறியதற்கு 1999இல் வந்த மோர்ட்ஹெய்ம் என்ற ஸ்கர்மிஷ் ஆட்டம் நல்ல சான்று. வால்மீன் விழுந்து நொறுங்கிய நகரம். அந்தச் சந்துக்குள் நூறு பேர் அணிவகுக்க வழியில்லை. அதனால் 500 பொற்காசில் ஒரு கும்பல், பெரும்பாலும் 15 பேருக்கு மிகாமல். கால்வாசிப் பேர் விழுந்தால் தலைவனின் மனவுறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும். தவறினால் கும்பலே ஓடிவிடும். பிழைத்தவனின் காயமும் அனுபவமும் அடுத்த ஆட்டத்துக்குத் தாளில் ஏறும். 2015இல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ் ஆட்டத்தில் உறைந்த நகரம். மந்திரவாதி, சீடன், கூலிவீரர் எட்டுப் பேர், இருபது முகப் பகடை. மூன்றடிச் சதுர மேசை போதும், ஆனால் இடிபாடுகளை நெருக்கி வைக்க வேண்டும். வெட்டவெளியாக விட்டால் வில்லாளிகள் இரண்டே சுற்றில் கதையை முடித்துவிடுவார்கள்.

இப்போது கைகலப்புக்கு வருவோம். பொம்மையும் பொம்மையும் முட்டி நின்று வெட்டிக்கொள்ளும் கட்டம் ஒன்று விதியில் தனியாக உண்டு, ‘மெலே’ என்பார்கள். கைகலப்பு அதற்குத்தான் கச்சிதம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் ‘கைகலப்பு ஆட்டத்தில் கைகலப்புக் கட்டம்’ என்று எழுத நேரும். அணிப்போரிலும் ஸ்கர்மிஷர் உண்டு. எறியீட்டி வீசிவிட்டு, எதிரி கைக்குச் சிக்காமல் பின்வாங்குவதே அவர்கள் வேலை. அவர்களைப் போய் ‘கைகலப்பு வீரர்’ என்பதா?

‘சிறுபோர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது அளவைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை. மூன்றே அணிகளை இறக்கி வரிசைகட்டி ஆடினாலும் சிறுபோர்தான், ஸ்கர்மிஷ் ஆகாது.

பொருத்தமான சொல்லுக்கு நடுகல் பக்கம் போவோம். செங்கம், திருப்பத்தூர் தொட்டுச் சித்தூர் எல்லைவரை நடுகற்கள் நிற்கின்றன. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் மாண்டான். ஒரு சிறு கூட்டம் மந்தையைக் கவர, ஊர்க்காரர் சிலர் விரட்டிப்போய் மோத, விழுந்தவனுக்குப் பெயரோடு ஒரு கல். நடுகல் ஆய்வாளர்கள் இதைத் தொறுப்பூசல் என்கிறார்கள். இலக்கணத்தில் மந்தையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. இரு படையும் களம் குறித்து எதிர்நிற்பது தும்பை. நமக்கு வேண்டிய வேறுபாடு அங்கேயே கிடக்கிறது. கூட்டம் சிறியது, குறிக்கோள் கவர்வது, ஆள் ஒவ்வொருவனும் கணக்கில் வருகிறான். மோர்ட்ஹெய்மில் மாட்டுக்குப் பதில் மந்திரக்கல், அவ்வளவுதான்.

ஆகவே பூசல், பூசல் ஆட்டம், பூசல் விதி. நாளிதழ்கள் பூசலை ‘உட்கட்சிப் பூசல்’ ஆக்கிவிட்டனவே என்பார்கள். செய்தித் தலைப்புக்குப் பயந்து சொல்லைக் கைவிட்டால் ‘களம்’, ‘அணி’ எல்லாவற்றையும் தேர்தலுக்குத் தாரைவார்க்க வேண்டியதுதான். ஆட்டத்தின் ‘செட்டிங்’கைக் கதைக்களம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அமைப்பு’ என்று போட்டு, கைப்பேசி செட்டிங்கையும் கற்பனை உலகையும் ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் இதற்குமேல் என்ன சொல்ல?