இன்சார்ஜ் சிஸ்டரின் காலிக் கட்டம்

பெரியம்மா வேலையில் இருந்தவரை, மாதக் கடைசி வந்தால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. கோடு போட்ட நீளத் தாள், ஸ்கேல், பென்சில், தேய்ந்துபோன ரப்பர். அடுத்த மாத டூட்டி லிஸ்ட் தயாராகும். அரசு மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் சர்ஜிகல் வார்டுக்கு அவர்தான் இன்சார்ஜ், அதாவது பொறுப்பு நர்ஸ். ஒரு நர்ஸுக்கு வளைகாப்பு, இன்னொருத்தியின் கணவர் துபாயிலிருந்து வருகிறார், மூன்றாமவளுக்குத் தொடர்ந்து நைட் பார்த்தால் பிரஷர் ஏறுகிறது. காலை, மாலை, இரவு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பினாலும் இரண்டு மூன்று கட்டங்கள் காலியாகவே நிற்கும். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அங்கே தன் பெயரையே எழுதிவிடுவார்.

பர்ன்அவுட், அதாவது வேலை ஆளை உள்ளுக்குள் எரித்துத் தீர்ப்பது, பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்தக் காலிக் கட்டம்தான் ஞாபகம் வருகிறது.

இந்தச் சொல்லை 1974இல் ஆய்விதழுக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பகலில் சொந்த கிளினிக், இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் என்று ஓடியவர். மையத்துக்கு ஆசையாக உதவ வந்தவர்கள் ஓராண்டு வாக்கில் சுரத்தில்லாமல் போவதைக் கவனித்தார். அந்த வரிசையில் தானும் நிற்பதைக் கண்டுகொண்டார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அது மூன்று விஷயங்களைத் தேடுகிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லாமல், வேலையோடு வரும் ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. அந்த வேறுபாடு முக்கியம். நோய் என்றால் ஆளுக்கு மருந்து கொடுத்து முடித்துவிடலாமே.

மூன்றில் இரண்டாவதுதான் நுட்பமானது. 'பதினாலாம் பெட் அப்பெண்டிக்ஸ்' என்று நோயாளியைக் குறிப்பிடும் வழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. 1950களின் கடைசியில் லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ், அங்கும் இதே பேச்சைக் கேட்டார். வலியும் சாவும் பக்கத்திலேயே இருக்கும்போது மனம் போட்டுக்கொள்ளும் வேலி அது என்றார். இன்சார்ஜுக்கு இந்த வேலி நோயாளியைச் சுற்றி மட்டும் விழுவதில்லை. குழந்தைக்கு ஜுரம் என்று லீவு கேட்கும் பெண்ணிடம் "எல்லாருக்கும்தான் வீட்ல பிரச்சினை" என்று அவர் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு தனக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார்.

நெருக்கடி வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ரத்தம் வழியாக அட்ரினலுக்குச் சொல்ல, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனை இறக்குகிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வரும், கவனம் கூர்மையாகும். வார்டில் ஒருவருக்கு மூச்சு நின்றால் நர்ஸுக்கு வேண்டியதும் இதுதான். மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவை தூக்கி வால்வை மூடுகிற மாதிரி, போதிய கார்ட்டிசால் சேர்ந்ததும் மூளையே குழாயை அடைக்கும். ஆள் பழைய நிலைக்குத் திரும்புவார். மீள்திறன் என்று பெரிதாகப் பேசப்படுவதன் உடல் பக்கம் இவ்வளவுதான்: ஏறியது இறங்க வேண்டும்.

இறங்க நேரம் கிடைக்காவிட்டால்? புரூஸ் மெக்கூவனும் எலியட் ஸ்டெல்லாரும் 1993இல் இதை 'அலோஸ்டேடிக் சுமை' என்றார்கள். சமாளிப்பதற்கென்று உடம்பு செய்யும் ஏற்பாடே உடம்பைத் தேய்க்கிறது. பிரஷர் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. ஆனால் பர்ன்அவுட்டை ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. கார்ட்டிசால் சில ஆய்வுகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் காணப்படுகிறது. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்று வந்துவிட்டதாலேயே ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

இன்சார்ஜ் சிஸ்டருக்கு அந்த மிதவை ஏன் தூக்குவதில்லை என்பதற்குப் பதில் அவர் கைப்பையில் இருக்கிறது. செல்போன். ஸ்டாஃப் நர்ஸுக்கு ஷிஃப்ட் முடிந்தால் முடிந்தது. இன்சார்ஜுக்குக் காலை ஐந்தரைக்கு அழைப்பு வரும்: "சிஸ்டர், இன்னிக்கு வர முடியல." 2016இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஓய்வு நேரத்திலும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டியவர்களின் காலை நேர கார்ட்டிசாலையும் மனநிலையையும் யான் டெட்மர்ஸ் குழுவினர் அளந்தார்கள். தயாராக இருக்க வேண்டிய நாட்களுக்குப் பிறகு கார்ட்டிசால் கூடியிருந்தது, மனநிலை மங்கியிருந்தது. அழைப்பு வந்ததா இல்லையா என்பதைவிட, வரக்கூடும் என்ற காத்திருப்பே போதுமானதாக இருந்தது. போன் அடிக்காத ஞாயிற்றுக்கிழமையும் பாதி டூட்டிதான்.

இன்னொன்று, இன்சார்ஜ் நாற்காலி போடப்பட்டிருக்கும் இடம். ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்: வேலைப் பளு அதிகமாகவும், அதன் மேல் நமக்குள்ள பிடி குறைவாகவும் இருப்பதுதான் ஆளை அதிகம் வாட்டும் சேர்க்கை. பளு மட்டும் என்றால் தாங்கலாம். இன்சார்ஜால் ஒரு நர்ஸை நியமிக்க முடியாது. ஆள் குறைந்தால் பதில் சொல்வது அவர். சளி உறிஞ்சும் குழாய் வாங்க முடியாது. இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் டாக்டர் கத்துவது அவரிடம். ஸ்டாக் எடுக்கும்போது ஒரு கிட்னி டிரே குறைந்தாலும் விளக்கம் எழுதுவது அவர்தான். மேலே சூப்பரின்டென்டென்ட், கீழே பதினைந்து இருபது பெண்கள், பக்கத்தில் கோபத்தோடு நிற்கும் நோயாளியின் உறவினர்கள். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

இங்கே 'நல்ல தலைமைப் பண்பு இருந்தால் சமாளிக்கலாம்' என்பார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் டயான் டோரன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு மேலாளருக்குக் கீழே ஆட்கள் பெருகப் பெருக, எவ்வளவு நல்ல தலைமையின் பலனும் மங்கியது. இருபது பேருக்குச் செய்வதை எழுபது பேருக்குச் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

இது ஒருவரோடு நிற்பதும் இல்லை. 12 ஐரோப்பிய நாடுகளின் 80 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த, 2005இல் வெளியான ஆய்வில், கூட வேலை செய்பவர்கள் சலித்துப் பேசுவதை அடிக்கடி கேட்கும் நர்ஸுகளிடம் பர்ன்அவுட் கூடுதலாக இருந்தது. நோயாளியையும் இது பாதிக்கிறது: பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐகென் குழு 2002இல் சொன்னது, ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால் 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதமும் நர்ஸின் பர்ன்அவுட் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? மே 12, செவிலியர் தினத்தன்று கேக் வெட்டிவிட்டு அரை மணி நேர மூச்சுப் பயிற்சி நடத்தும் மருத்துவமனைகளை எனக்குத் தெரியும். மூச்சுப் பயிற்சியில் தப்பில்லை. மிதவை தூக்க அது உதவும். ஆனால் மருத்துவர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் மரியா பனாகியோட்டி குழு பார்த்தபோது, தனி ஆளை மாற்ற முயன்ற திட்டங்களைவிட வேலை முறையை மாற்றிய திட்டங்களே பர்ன்அவுட்டை அதிகம் குறைத்திருந்தன. மருந்து டூட்டி லிஸ்டில் இருக்கிறது. ஸ்டாஃப் நர்ஸுகள் தங்களுக்குள் பேசி ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள இடம் தருவது, ரிஜிஸ்டர் எழுத ஒரு எழுத்தர், யாராவது வராவிட்டால் அனுப்ப எந்த வார்டிலும் சேராத இரண்டு பேர். அந்த இரண்டு பேர் இருந்தாலே காலிக் கட்டத்தில் இன்சார்ஜின் பெயர் வராது.

எனக்குப் பிடித்த யோசனை இதைவிடச் சின்னது. டூட்டி மாறும்போது போதை மருந்து அலமாரியின் சாவியை எண்ணிக்கை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். அதே மேசையில் வார்டுக்கென்று ஒரு போன் இருக்கலாம். சாவியோடு அதுவும் கைமாறட்டும். லீவு கேட்பவர்கள் அந்த எண்ணுக்கு அழைக்கட்டும். அப்போது டூட்டியில் யாரோ அவர் பார்த்துக்கொள்ளட்டும். இன்சார்ஜ் தன் சொந்த போனை வீட்டில் சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ரிட்டயர் ஆகி ஆறு வருடமான பெரியம்மாவிடம் இதை ஆர்வமாக விளக்கினேன். கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த போனுக்கு ரீசார்ஜ் யார் பண்ணுவா? இன்டென்ட் போட்டா வருமா?"