முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிக்குமா?

சைக்கிள் கத்துக்கும்போது எல்லார் வீட்லயும் சொல்லிருப்பாங்க, முன் பிரேக்க தொடாத, குப்புற தூக்கிப் போட்டுரும்னு. சில பேர் பசங்க சைக்கிள்ல அந்த கேபிளையே கழட்டி விட்டுடுவாங்க. பயம் நியாயம்தான், ஆனா வண்டிய நிறுத்துற வேலைல பெரும்பங்கு செய்யறதே அந்த முன் பிரேக்குதான்.

சந்தேகம்னா ஏறாம பக்கத்துல நின்னு சைக்கிள தள்ளிட்டே போய் பின் பிரேக்க மட்டும் அழுத்திப் பாருங்க. பின் சக்கரம் லாக் ஆகி டயர் தரைய சரசரன்னு தேச்சிட்டே கூட வரும். இப்ப முன் பிரேக்க அழுத்துங்க, வண்டி அங்கயே நிக்கும், பின் சக்கரம் தரைய விட்டு லேசா எழும்பும்.

விஷயமே அந்த எழும்பறதுலதான் இருக்கு. பிரேக் விசை டயர் தரைய தொடுற எடத்துல பின்னாடி இழுக்குது, நம்ம உடம்பும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரைல இருந்து ஒரு மீட்டருக்கு மேல இருக்கு, அது வந்த வேகத்துலயே போகப் பாக்குது. பஸ்ல சடன் பிரேக் போட்டா நிக்கிறவங்க எல்லாம் முன்னாடி சாயற அதே கததான். பாரம் முன் சக்கரத்துக்கு போயிடும், பின் சக்கரம் லேசாயிடும், பாரம் இல்லாத டயருக்கு பிடிப்பு எங்க இருந்து வரும்? அதான் வழுக்குது.

காய்ஞ்ச தார் ரோட்ல 20 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னா, பின் பிரேக் மட்டும் போட்டா நிக்க சுமாரா 6 மீட்டர் ஆகும், ரெண்டையும் சரியா போட்டா 3 மீட்டர் போதும். (பாத்து, சுதாரிச்சு, கை பிரேக்குக்கு போற ஒரு செகண்ட்ல ஓடற 5 மீட்டர் சொச்சம் தனி, அத எந்த பிரேக்கும் மிச்சம் பண்ணாது.)

அப்ப தூக்கி அடிக்கறது பொய்யான்னா, இல்ல. வேகம் குறையற வீதம் புவியீர்ப்பு முடுக்கத்துல (மேல இருந்து விழற பொருளோட வேகம் கூடற வீதம்) பாதியத் தாண்டி 0.6 மடங்கு கிட்ட போச்சுன்னா பின் சக்கரம் தூக்க ஆரம்பிச்சிடும், இறக்கத்துல அதுக்கு முன்னாடியே. நெறய பேர் விழறது பதட்டத்துல ஒரேயடியா நசுக்கறதால, அதுவும் கைய தளர்வா வச்சிருந்தா வண்டி நின்னாலும் உடம்பு நிக்காது. கைய ஊணி, இடுப்ப பின்னாடி தள்ளி, படிப்படியா அழுத்தம் கூட்டினா அந்த எல்லை வரைக்கும் பயமில்லாம போலாம்.

மணல், ஈரமான வெள்ளக்கோடு, வளைவு, இங்கல்லாம் மட்டும் பெரியவங்க சொன்னது சரி. சைக்கிள் பேலன்ஸ் ஆகறதே முன் சக்கரத்த திருப்பித் திருப்பித்தான், அது வழுக்கினா அடுத்த நொடி கீழதான், பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிச்சிடலாம்.

மழைல ஸ்டீல் ரிம் இருக்கற பழைய சைக்கிள்னா கணக்கே வேற. ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல தண்ணி நின்னுக்கும், அத தொடச்செடுக்கவே சில சுத்து ஆகும், அதனால நிறுத்தற எடத்துக்கு ரொம்ப முன்னாடியே லேசா தொட்டு வச்சிக்கணும்.