உருளை வயலில் வெள்ளீயம்

வெறும் வெள்ளீயம் பூஞ்சாணத்தை ஒன்றும் செய்யாது. அதனோடு கரிமத் தொகுதிகள், அதாவது கார்பன் அணுக்களால் ஆன துண்டுகள், பிணைந்தால்தான் நஞ்சாகிறது. அதிலும் எண்ணிக்கை முக்கியம்: ஒன்று, இரண்டு என்றால் வீரியம் குறைவு, நான்கென்றால் ஏறக்குறைய இல்லை, மூன்றில்தான் உச்சம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வேதியியலாளர்கள் வான் டெர் கெர்க்கும் லௌட்டனும் 1950களில் இதைக் கண்டறிந்தனர். பியூட்டைல் என்ற கரிமத் தொகுதி மூன்று கொண்ட சேர்மம் பயிரையும் சேர்த்துக் கருக்கிவிடும். பினைல் என்ற வேறொரு தொகுதி மூன்று கொண்டதை உருளைக்கிழங்கு இலை தாங்கியது. ஃபென்டின் அசிட்டேட், ஃபென்டின் ஹைட்ராக்சைடு என்ற பெயர்களில் அது வயலுக்கு வந்தது.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதி, தன் வழியே பாயும் புரோட்டான்களைக் கொண்டுதான் செல்லின் எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கிறது. ஃபென்டின் அந்தப் பாதையை அடைத்துவிடும். உருளையைத் தாக்கும் பின்பருவக் கருகல் நோயின் நீந்தும் வித்துகளுக்குச் செல்சுவரும் கிடையாது, நீந்த ஆற்றலும் வேண்டும்; அவை உடனே மடிகின்றன. இலையிலிருந்து மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குள் இறங்கி, கிழங்கை அழுகச் செய்பவையும் இவைதான். அதனால்தான் பருவத்தின் கடைசித் தெளிப்புகளுக்கு ஐரோப்பிய உழவர்கள் ஃபென்டினை விரும்பினர். செம்பு மருந்து கிலோக் கணக்கில் தேவைப்பட்ட இடத்தில், ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் ஃபென்டினே போதுமானது.

இது இலைக்குள் ஊடுருவிப் பரவும் மருந்தல்ல. நோய் வருமுன் இலையை மூடியிருக்க வேண்டும். புதுத் தளிருக்கு மறு தெளிப்பு தேவை. நன்றாக ஒட்டட்டும் என்று எண்ணெயையோ ஒட்டுத்திரவத்தையோ கலப்பது பெருந்தவறு. இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து உள்ளே இறங்கினால் பயிரின் மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடும், இலை கருகும். கிரேக்க நாட்டில் சர்க்கரை பீட் வயல்களில் இதையே திரும்பத் திரும்ப அடித்ததால், 1970களில் இலைப்புள்ளிப் பூஞ்சாணம் எதிர்ப்பாற்றல் பெற்றது. வேறு வகை மருந்துடன் மாற்றி மாற்றி அடிப்பதே இதற்கு வழி.

மருந்துத் தூளை மூச்சில் இழுப்பது மிக ஆபத்தானது. கண்ணில் பட்டால் நிரந்தரப் பாதிப்பு நேரலாம். சூரிய ஒளியும் நுண்ணுயிர்களும் பினைல் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, நஞ்சு தணிகிறது. ஆனால் ஒளி எட்டாத குளத்துச் சேற்றில் அது நெடுநாள் தங்கும். மீன்களைக் கொல்லும், கடல் நத்தை இனங்கள் சிலவற்றில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கச் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அனுமதியை விலக்கிக்கொண்டது சரியான முடிவே. அமெரிக்காவில் ஃபென்டின் ஹைட்ராக்சைடு கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாகச் சர்க்கரை பீட், உருளை, பீக்கன் என்ற கொட்டை மரம் ஆகிய பயிர்களில் தொடர்ந்தது.