சார்ஜ் என்றால் சுமை

போன வாரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கைக்காரர் போனில் பேசிக்கொண்டு வந்தார். "இன்சார்ஜ் லீவாம்ப்பா. டெலிவரி சார்ஜ் தனியாக் கேக்குறாங்க. அம்மாவ நாளைக்குத்தான் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்களாம். சரி வை, சார்ஜ் இல்ல, கட் ஆயிடும்." ஒரே மூச்சில் நாலு சார்ஜ். நாலுக்கும் பொருள் வேறு. மறுமுனையில் இருந்தவர் எங்கும் "என்னது?" என்று கேட்கவில்லை, ஒட்டுக்கேட்ட எனக்கும் குழம்பவில்லை. இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. இதையே தமிழில் சொல்லப்போனால் பொறுப்பாளர், கூலி, வீட்டுக்கு அனுப்புதல், மின்னேற்றம் என்று நாலு திசைக்கு ஓட வேண்டும்.

சார்ஜுக்குச் சரியான தமிழ் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒற்றைச் சொல் கிடையாது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால், பல பொருளுக்குத் தமிழ் ஏற்கெனவே அதே வழியில் நடந்து போயிருப்பது தெரியும்.

கிளம்பிய இடம் ஒரு வண்டி. இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த பழைய 'கால்' (Gaul) நாட்டின் கெல்டிய மக்களிடமிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்ட சொல் 'கர்ருஸ்'. சாமான் ஏற்றும் சக்கர வண்டி. அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'கர்ரிக்காரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சில் 'சார்ஜியே' என்று திரிந்து, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் பொருள் சுமை, பாரம். அவ்வளவுதான். கார், கப்பலில் போகும் கார்கோ, தூக்கிச் செல்லும் கேரி எல்லாம் அதே வண்டியில் வந்து இறங்கிய உறவுக்காரர்கள். கேலிச்சித்திரத்துக்கான கேரிகேச்சர்கூட இத்தாலிய மொழியில் 'மிகையாக ஏற்றியது' என்றுதான் பொருள்படும். மயிலிறகுதானே என்று அளவுமீறி ஏற்றினாலும் அச்சு முறியும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (சார்ஜ் என்பதே நம் 'சார்' என்ற வேரிலிருந்து போனதுதான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்தது. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது.)

இப்போது தமிழுக்கு வருவோம். ஒருவர் மேல் சார்ஜ் வைப்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? குற்றம் *சுமத்துகிறோம்*. பழியைத் தலையில் போடுகிறோம். சார்ஜ் எடுத்துக்கொள்வதை? பொறுப்பு *ஏற்கிறோம்*. அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லையே உடைத்துப் பாருங்கள். பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்றால் பாரம். அதே வேர்தான் பொறுமையிலும் இருக்கிறது. லத்தீன்காரரைக் கேட்டு யாரும் இதைச் செய்யவில்லை. பாரம் தூக்கிய மனிதனுக்கு, பதவியும் பழியும் பாரமாகத்தான் படும்.

அரசு அலுவலகங்களில் இரண்டு சார்ஜும் பக்கத்துப் பக்கத்து மேசையில் கிடக்கும். மாற்றலாகி வந்தவர் "நேத்து மத்தியானம் சார்ஜ் எடுத்துட்டேன்" என்பார். அடுத்த மேசைக்காரர் "அவருக்கு செவன்டீன் பி சார்ஜ் குடுத்துட்டாங்க" என்று குரலைத் தாழ்த்துவார். முன்னது பொறுப்பேற்பு, பின்னது தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(ஆ)வின் கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஓய்வு பெறப் போகிறவருக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும்.

நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். சார்ஜ் ஷீட்டைக் குற்றப்பத்திரிகை என்கிறோம். பழகிவிட்டது, நல்ல சொல்லும்கூட. புலன் விசாரணை முடிந்து போலீஸ் தாக்கல் செய்வது அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதைப் போலீஸ் அதிகாரியின் அறிக்கை என்றுதான் சொன்னது; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவும் அப்படியே. அதன்பிறகு நீதிபதி 'சார்ஜ் ஃப்ரேம்' செய்வது தனி வேலை. சட்டத் தமிழில் அதற்குக் குற்றச்சாட்டு வனைதல் என்று பெயர். குயவர் பானை வனையும் அதே வனைதல். அடடா என்று நான் ரசித்த மொழிபெயர்ப்புகளில் ஒன்று. ஆனால் செய்தியில் இரண்டையும் 'குற்றப்பத்திரிகை' என்றே எழுதிவிடுகிறார்கள். அதேபோல டிஸ்சார்ஜ் என்றால் வழக்கிலிருந்து விடுவிப்பு. விசாரணை முழுதும் நடந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தால்தான் விடுதலை. முன்னதில் பாரத்தைத் தலையில் ஏற்றும் முன்பே வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

லத்தி சார்ஜுக்குத் தடியடி. இதில் பேச ஒன்றுமில்லை. மூலத்தைவிட நேர்மையான சொல்.

மின்சாரத்துக்கு வருவோம், அங்கேதான் சுவாரசியம். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் ஒரு தடவை சுடப் போடும் மருந்துக்குச் சார்ஜ் என்று பெயர்; ஏற்றிய மருந்து. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் லெய்டன் ஜாடிகளை (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்ணாடிக் குடுவைகள்) வைத்துச் சோதனை செய்தபோது, ஜாடியில் மின்சாரத்தை ஏற்றுவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இப்படி மின்சாரம் ஏற்றும் கருவிகள் பலவற்றை ஒன்றாக இணைத்ததற்கு அவர் வைத்த பெயர் பேட்டரி. அதுவும் பீரங்கி வரிசையைக் குறித்த படைச்சொல். நம் சட்டைப்பையில் இருப்பது, பெயரளவில், ஒரு பீரங்கிப் படை.

தமிழ்நாட்டுப் பாடநூல் இந்தச் சார்ஜை மின்னூட்டம் என்கிறது. பக்கத்திலேயே கரண்டுக்கு மின்னோட்டம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். பரீட்சை அவசரத்தில் ஊட்டம் ஓட்டமாகி மதிப்பெண் போனவர்களில் நானும் ஒருவன். இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம், மின்னேற்றம் என்பார்கள், நேரேற்றம், மறையேற்றம். என் ஓட்டு இலங்கைக்கு. குழப்பம் இல்லை என்பதோடு, ஏற்றுதல் என்ற மூலப் பொருளும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. போனில் 'சார்ஜ் ஏறிவிட்டது' என்கிறோமே, இயற்பியல் கணக்கில் அந்த பேட்டரியின் நிகர மின்னேற்றம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சுழியம்தான். உள்ளே கூடியிருப்பது வேதி ஆற்றல். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று பெட்டியில் போட்டிருந்தால், அது முழுதும் தீரும் வரை சுற்றில் 18,000 கூலும் (மின்னேற்றத்தை அளக்கும் அலகு) மின்னேற்றம் ஓடும் என்று பொருள். அத்தனையும் உள்ளே குவிந்து கிடக்கிறது என்றல்ல. இயற்பியல் ஆசிரியரிடம் பேட்டரிக்குள் மின்னூட்டம் நிறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் சுழிப்பார்.

ஆனால் செல்போன் கடையில் நிற்கும் ஆளின் தமிழைக் கேளுங்கள். "அண்ணே, சார்ஜ் ஏற மாட்டேங்குது." "ஏறுது, ஆனா நிக்கல." "பத்து நிமிஷத்துல சர்ருன்னு இறங்கிடுது." ஏறு, நில், இறங்கு. மூன்றும் மூட்டைக்கும் வண்டிக்கும் உரிய வினைகள். சார்ஜ் என்றால் பாரம் என்று யாரும் சொல்லித்தராமலே பக்கத்தில் சரியான வினையை நம் ஆட்கள் வைத்துவிட்டார்கள். சார்ஜரை மின்னேற்றி என்று எழுதுவது இதனால்தான் எனக்குப் பிடிக்கும். பேச்சில் சார்ஜர் என்றே இருக்கட்டும், சண்டைக்கு நான் வரவில்லை.

மருத்துவமனை டிஸ்சார்ஜுக்கு நாளிதழ்கள் 'வீடு திரும்பினார்' என்று எழுதுகின்றன. சொல்லுக்குச் சொல் பார்க்காமல் நடப்பதைச் சொன்ன அழகு அது. புண்ணிலிருந்து வரும் டிஸ்சார்ஜுக்குச் சீழ் என்றோ நீர் கசிகிறது என்றோ, எது வருகிறதோ அதைச் சொன்னால்தான் மருத்துவருக்கே புரியும்.

கடைசியாகக் காசு. இங்கேதான் சார்ஜ் நமக்கு நட்டம் வைத்திருக்கிறது. நகைக்கடையில் மேக்கிங் சார்ஜ் என்று பில் போடுகிறார்கள். செய்கூலி என்ற சொல் அதே கல்லாவில் இருக்கிறது. லோடிங் சார்ஜுக்கு ஏற்றுக்கூலி, அன்லோடிங்குக்கு இறக்குக்கூலி. மின்கட்டண அட்டையில் ஃபிக்ஸட் சார்ஜுக்கு நிலைக்கட்டணம். உழைப்புக்குக் கூலி, பொருளை எடுத்துப் பயன்படுத்த வாடகை, அமைப்புகளுக்குச் செலுத்துவது கட்டணம். யாருக்கு, எதற்குக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்தது. சார்ஜ் வந்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. பில்லில் 'அதர் சார்ஜஸ்' என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது எதற்கென்று கேட்டால் கல்லாவில் இருப்பவருக்கே தெரியாது.

பஸ் சார்ஜ் இதில் இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் பேருந்துக் கட்டணத்தை ஃபேர் என்பார்கள். பஸ் சார்ஜ் நாமாகச் செய்துகொண்டது. அதற்கு முன்பு, மாட்டு வண்டியில் போனால் கொடுத்த காசுக்கு நம் ஊர்களில் ஒரு பெயர் இருந்தது: வண்டிச் சத்தம். "சத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். என் தாத்தா கடைசிவரை நடத்துநரிடமும் அப்படித்தான் கேட்டார். நடத்துநர் என்ஜினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது பழைய வண்டி பெரியவரே, அப்படித்தான் கத்தும்" என்றார்.