கண்டெய்னரின் தொடக்க ஸ்கிரிப்ட்டில் விடுபடும் ஒரு சொல்

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் சர்வரை முறைப்படி நிறுத்திவிடுவார்கள். ஆயினும் மாலையில் கணக்குப் பார்க்கும்போது, கடைசியாகப் போட்ட நான்கைந்து பில்கள் இருக்காது. யுபிஎஸ்ஸையும் ஹார்டு டிஸ்க்கையும் மாற்றிய பிறகுதான், தவறு நான் எழுதிய தொடக்க ஸ்கிரிப்ட்டில், அதாவது மென்பொருளைத் தொடங்கும் கட்டளைகள் அடங்கிய கோப்பில் இருந்தது தெரிந்தது. அந்தச் செலவை அண்ணாச்சி இன்றும் சொல்லிக்காட்டுவார்.

பில்லிங் மென்பொருள் ஓடுவது டாக்கர் கண்டெய்னரில், அதாவது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் பெட்டியில். அதற்குள் முதலில் தொடங்கும் ப்ராசஸின் (ஓடும் நிரலின்) எண் 1. மற்ற ப்ராசஸ்கள், ‘முடித்துக்கொள்’ என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அதற்கென எந்த ஏற்பாடும் செய்திராவிட்டாலும் முடிந்துவிடும். எண் 1-ஐ மட்டும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அவ்வாறு முடிப்பதில்லை. என் ஸ்கிரிப்ட் சில கோப்புறைகளைச் சரிபார்த்துவிட்டுக் கடைசி வரியில் மென்பொருளைத் தொடங்கியதால், கட்டளைகளை இயக்கும் ஷெல் எண் 1 ஆக நிற்க, மென்பொருள் அதன் பிள்ளையாக ஓடியது. டாக்கர் அனுப்பிய சிக்டெர்ம் ஷெல்லைத் தாண்டவில்லை; 10 விநாடி காத்திருந்த டாக்கர், உடனே கொன்றுவிடும் சிக்கில் சிக்னலை அனுப்பி எல்லாவற்றையும் வெட்டிவிட்டது. பில்களை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும் அந்த மென்பொருளுக்கு, கையிலிருந்ததை எழுத நேரமே கிடைக்கவில்லை.

கடைசி வரியின் முன்னே ‘எக்ஸெக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், ஷெல் தன் இடத்தையும் எண்ணையும் மென்பொருளுக்கே விட்டுக்கொடுத்துவிடும். கண்டெய்னர் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் டாக்கர்ஃபைலில், முதலில் ஓட வேண்டியதைக் குறிக்கும் என்ட்ரிபாயின்ட்டைச் சதுர அடைப்புக்குறிப் பட்டியலாக எழுதுவதும் அவசியம். இல்லையெனில் இடையில் இன்னொரு ஷெல் நுழைந்துகொள்ளும். உங்கள் கண்டெய்னர் ஒவ்வொரு முறையும் நிற்பதற்குச் சரியாக 10 விநாடி எடுத்து, 137 என்ற எண்ணோடு (128-உடன் சிக்கில்லின் சிக்னல் எண்ணான 9-ஐக் கூட்டியது) முடிந்தால், இதே கோளாறாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மின்சாரம் திரும்பும்போது வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பல கண்டெய்னர்களைச் சேர்த்து வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் எழுதிய தொடக்க வரிசை, சர்வர் மீண்டும் எழும்போது ரீஸ்டார்ட் பாலிசியால் தானாகக் கிளம்பும் கண்டெய்னர்களைக் கட்டுப்படுத்தாது. டேட்டாபேஸ் தயாராகும் முன்பே பில்லிங் மென்பொருள் கதவைத் தட்டும். இதற்குப் பலர், 30 விநாடி காத்திருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 30’ என்று எழுதிவிடுகிறார்கள். முறையாக நிறுத்தப்படாத டேட்டாபேஸ் தன்னை மீட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்பது அன்றைய நிலையைப் பொறுத்தது என்பதால், அந்த 30 வெறும் ஊகமே. டேட்டாபேஸ் பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு வரம்புக்குப் பின் பிழையோடு வெளியேறுமாறு ஸ்கிரிப்ட்டை எழுதுவதே சரி.

இப்போதெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும், சோதனை பில் ஒன்றைப் போட்டு, உடனே கண்டெய்னரை நிறுத்தி, மீண்டும் தொடங்கி, அந்த பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடையில் ஒப்படைக்கிறேன்.